ஏத்துனது 2 இன்ச்... ஆடுனது 4 உசுரு!

ஜிப்ஸியோ, பழைய ஜீப்போ... வண்டி உயரமா நின்னாதான் கெத்துனு நினைக்கிற ஆளா பாஸ் நீங்க? லிஃப்ட் கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க நாலு பேரோட சோகக் கதையைக் கேட்டுட்டுப் போங்க!

ஞாயித்துக்கிழமை, காலை ஏழு மணி. கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போற ரோடு. ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கிற நாங்க நாலு பேரும் ஒரு பழைய ஜிப்ஸில போய்க்கிட்டு இருக்கோம். வண்டி எங்க ரூம்மேட்டோடது. அவங்க மாமா ஓட்டி ஓட்டித் தேஞ்சதுக்கு அப்புறம் 'நீயே வெச்சுக்கோ'னு கொடுத்தது. தேர்ட் இயர்ல, மண் மேட்டுல ஏறி இறங்குற ஆசையில அதை 2 இன்ச் தூக்கி, குண்டு டயரும் மாட்டியிருந்தோம். காலேஜ் பார்க்கிங்ல அது நின்னா பக்கத்துல நிக்கிற காரெல்லாம் குழந்தை மாதிரி தெரியும். அவ்ளோ கெத்து!

ஆனா, அன்னிக்கு நாங்க டூர் போகலை. வண்டியை விக்கப் போனோம். ரூம்மேட்டோட தங்கச்சிக்கு காலேஜ் அட்மிஷன். ஹாஸ்டல் ஃபீஸுக்குப் பணம் புரட்டணும். எங்க ஜூனியர் ஒருத்தனோட அப்பாவுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ள சுத்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் தேடிக்கிட்டு இருந்தார். 'வண்டியைக் கொண்டு வாங்க தம்பி, பார்க்கலாம்'னு சொல்லியிருந்தார்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலமும் ரோடும் சேர்ற இடத்துல லேசா ஒரு மேடு. ஸ்பீடு 65. 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்! ஸ்டியரிங் ரூம்மேட் கையில இருந்து பிச்சுக்கிட்டு இடமும் வலமும் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. டேஷ்போர்டு நடுங்குது. முன் சக்கரம் ரெண்டும் சாமி வந்த மாதிரி ஆடுது. பின் சீட்ல இருந்த என் தலை ரூஃப் கம்பியில இடிக்குது. பின்னாடி ஒரு லாரி, விடாம ஹாரன். ரூம்மேட் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, இடது ஓரமா ஒதுக்கினான். ஸ்பீடு இருபதுக்குக் கீழ வந்ததும்தான் ஆட்டம் நின்னுச்சு. அப்புறம் வண்டி ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி நிக்குது!

யாரும் அஞ்சு நிமிஷம் பேசலை. "ஆனைமலை இன்னொரு நாள் போலாம்டா"னு மட்டும் ரூம்மேட் சொன்னான்.

பேர்லயே பயம்!

இந்த ஆட்டத்துக்கு ஊர் உலகத்துல ஒரு பேர் இருக்கு: 'டெத் வாபிள்'. அமெரிக்க ஜீப்காரங்க வெச்ச பேர். இன்ஜினீயர்கள் கொஞ்சம் நாகரிகமா 'ஷிம்மி'னு சொல்வாங்க. தோளைக் குலுக்கி ஆடுற ஒரு டான்ஸோட பேர் அது!

ரெண்டு முன் சக்கரத்தையும் ஒரே கட்டையா இணைக்கிற ஆக்ஸில் இருக்கிற வண்டிகள்லதான் இது அதிகம். ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா ஆக்ஸில் மொத்தமும் சாயும். சுத்திக்கிட்டு இருக்கிற சக்கரத்தைச் சாய்ச்சா, அது பக்கவாட்டுல திரும்பப் பார்க்கும். பம்பரத்தைத் தட்டினா தலையாட்டுமே, அதே விளையாட்டு. திரும்பின சக்கரம் ஆக்ஸிலை மறுபடி ஆட்டும், ஆக்ஸில் சக்கரத்தை ஆட்டும்... இப்படி ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டுக்கிட்டே இருக்கும். நடுவுல இதை அடக்க வேண்டிய பாகங்கள் லூசா இருந்தா கச்சேரிதான். 1934-ல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்ததுக்கு இந்த ஷிம்மி தொல்லையும் ஒரு காரணம். அப்போ பார்த்துக்கோங்க, இது நம்ம தாத்தா காலத்து வியாதி!

'டேம்பர் போட்டா சரியாயிடும் ஜி!'

மறுநாள், லிஃப்ட் போட்டுக் கொடுத்த அதே கராஜுக்குப் போனோம். பேர் வேண்டாம். அங்க இருந்தவர் வண்டிக்குக் கீழே குனிஞ்சுகூடப் பார்க்கலை. "ஸ்டியரிங் டேம்பர் போயிருக்கு ஜி. ஹெவி டியூட்டி கேஸ் டேம்பர் ஒண்ணு போட்டா பறந்துடும்"னார்.

டேம்பர்னா வேற ஒண்ணும் இல்லை. ஸ்டியரிங் ராடுக்கும் வண்டிக்கும் நடுவுல படுத்துக்கிட்டு இருக்கிற ஒரு ஷாக் அப்சார்பர். சக்கரம் படபடனு ஆடினா அதைப் புடிச்சு நிறுத்தும். எங்க பழைய டேம்பர்ல எண்ணெய் கசிஞ்சிருந்தது உண்மைதான். புதுசு மாட்டினோம். அதே ரோடு, அதே பாலம், அதே 65. வண்டி கம்முனு போச்சு!

"முடிஞ்சுதுடா மேட்டர்! சாயங்காலமே ஆனைமலைக்கு போன் போடு"னு நான்தான் குதிச்சேன். ரூம்மேட் மட்டும் யோசிச்சுக்கிட்டே இருந்தான். "உக்கடத்துல ஒரு அண்ணன் இருக்காருடா. மாமா வண்டியை அவர்தான் பார்த்தார். ஒரு தடவை காட்டிட்டு வித்துடலாம்."

உக்கடம்னா தெரியும்ல? பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குப் பேர் போன ஏரியா. அங்க ஒரு சந்துக்குள்ள அண்ணனோட பட்டறை. கதையெல்லாம் கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்கண்ணு... பல்லு சொத்தைக்கு வலி மாத்திரை போட்டா வலி போயிரும். சொத்தை போயிருமா?"

நாங்க கப்சிப்.

"டேம்பர் ஆட்டத்தை மறைக்கும். ஆட வெச்சது எதுவோ அது உள்ள தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். டேம்பர் தேயுற அன்னிக்கு மறுக்கா ஆடும். அப்ப ஸ்டியரிங்ல உங்க கையா இருக்கும்? அந்தத் தோப்புக்காரர் கையில்ல இருக்கும்! கழட்டுங்க அதை."

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அப்போ கடுப்புதான் வந்துச்சு. வித்துட்டா முடிஞ்சது கதை. ஆனா, ஜூனியர் அந்த வண்டிலதான் அவங்க அம்மாவோட பொள்ளாச்சி சந்தைக்குப் போவான்ங்கிறது ஞாபகம் வந்ததும், நானே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டம் நாலு வகை!

அண்ணன் எங்களை உடனே கீழே படுக்கச் சொல்லலை. முதல்ல வாயைத் திறக்கச் சொன்னார். 'ஆடுது'ங்கிறது டாக்டர்கிட்ட 'உடம்பு சரியில்லை'னு சொல்ற மாதிரி. எப்போ, எப்படி ஆடுதுனு சொல்லணும்.

ஒண்ணு: நல்ல ரோட்டுலயே ஒரு குறிப்பிட்ட ஸ்பீடு வந்ததும் ஸ்டியரிங் சன்னமா நடுங்கும். அந்த ஸ்பீடைத் தாண்டினா குறையும். இது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் அல்லது டயர் கோளாறு.

ரெண்டு: மேடு பள்ளத்துல இறங்கினா ஸ்டியரிங்கை நீங்க அசைக்காமலே வண்டி ஒரு பக்கமா வெட்டும். இது 'பம்ப் ஸ்டியர்'. வண்டியைத் தூக்கினதால ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து கீழே வர்ற டிராக் லிங்க் செங்குத்தா சாய்ஞ்சுட்டா வர்றது.

மூணு: நேரா போகாம குடிகாரன் மாதிரி அலையும். எங்கேயோ லூஸ், இல்லைனா காஸ்டர் போச்சுனு அர்த்தம்.

நாலு: ஒரு மேடு தட்டினதும் மொத்த முன்பக்கமும் வெறி புடிச்சு ஆடும், வேகம் குறையுற வரை நிக்காது. இதுதான் டெத் வாபிள்.

எங்க வண்டிக்கு ஒண்ணாவதும், மூணாவதும், நாலாவதும் இருந்துச்சு. நாலு மாசமாவே 80-ல லேசா நடுங்கும். 'குண்டு டயர்னா அப்படித்தான் மச்சி'னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

கட்டம் கட்டிப் படிங்க: ஓட்டும்போதே ஆட ஆரம்பிச்சா?

* ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டாதீங்க. ரெண்டு கையாலயும் உறுதியா, ஆனா முறைக்காம புடிங்க. கட்டைவிரல் ஸ்டியரிங் கம்பிக்கு உள்ளே இருக்கக் கூடாது. திருகினா எலும்பு போயிடும்.

* ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. வேகமா போய் தப்பிச்சிடலாம்னு மிதிக்கவே கூடாது.

* பிரேக்கை ஏறி மிதிக்காம, பதமா அழுத்தி வேகத்தைக் குறைங்க. ஹசார்டு லைட்டைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்க.

* நின்னதும் ஆட்டம் போயிடும். அதுக்காக மறுபடி அதே ஸ்பீடுல கிளம்பாதீங்க. மெதுவா ஓட்டியோ, கட்டி இழுத்தோ பட்டறைக்குக் கொண்டு போங்க.

காசு கம்மியான இடத்துல ஆரம்பி!

அண்ணன் போட்ட ரூல் ரெண்டே ரெண்டு. முதல் ரூல், செலவே இல்லாத வேலையை முதல்ல செய்யணும். ரெண்டாவது ரூல், ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், மாத்தினதும் ஓட்டிப் பார்க்கணும். நாலை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுனு கடைசி வரைக்கும் தெரியாது. லேப்ல நாங்க ரீடிங்கை அடிச்சு விட்டதெல்லாம் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு.

டெஸ்ட் பண்ண ஒரு இடமும் பார்த்தோம். ஊருக்கு வெளியே, லே-அவுட் போட்டு வீடே கட்டாம கிடக்கிற ஒரு சைட்டோட தார் ரோடு. குறுக்கே ஒரு பலகை. வண்டியில ஒரே ஒரு ஆள், சீட் பெல்ட்டோட. மத்தவங்க தள்ளி நின்னு சக்கரத்தைப் பார்க்கணும். டேம்பர் இல்லாம 50-லயே ஆட்டம் வந்துடுச்சு. அப்போ ஆரம்பிச்சோம்.

ஸ்டெப் 1: டயர். முன் சக்கரத்தைக் கழட்டி உள்பக்கம் பார்த்தா, போன மழையில ஆடின ஆட்டத்தோட களிமண் ரிம்முக்குள்ள செங்கல் மாதிரி காய்ஞ்சு கிடக்கு! ஒரு பக்கமா ஒட்டின மண்ணே பேலன்ஸைக் கெடுக்கப் போதும். சுரண்டிக் கழுவி, காத்து சரி பார்த்து, வீல் பேலன்ஸ் பண்ணினோம். 80-ல வர்ற சன்ன நடுக்கம் காலி. பலகை மேல ஏத்தினா டெத் வாபிள் அப்படியே இருக்கு. அப்போதான் புரிஞ்சுது, எங்களுக்கு இருந்தது ஒரு வியாதி இல்லை!

பழைய ஒல்லி டயரை நண்பனோட வீட்டு மாடியில இருந்து எடுத்து வந்து மாட்டியும் பார்த்தோம். ஆட்டம் குறைஞ்சுது, நிக்கலை. கனமான டயர் ஆட்டத்தை ஏத்தி விடுதே தவிர, ஆரம்பிச்சு வைக்கிறது அது இல்லைனு முடிவாச்சு.

ஸ்டெப் 2: போல்ட். லிஃப்ட் போட்ட வண்டியில யூ போல்ட்டையெல்லாம் சில நூறு கிலோ மீட்டர் ஓடினதும் மறுபடி டைட் பண்ணணும். புது பாகங்கள் ஒண்ணுக்கு மேல ஒண்ணு படிஞ்சு உட்காரும்போது போல்ட் தளரும். எங்களுக்கு யாரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. ஒரு யூ போல்ட் முக்கால் சுத்து உள்ளே போச்சு! ஸ்பிரிங் பட்டையோட ரெண்டு முனையில இருக்கிற போல்ட்டுகளை லூஸ் பண்ணி, வண்டி தன்னோட வெயிட்ல தரையில நிக்கும்போது திரும்ப முறுக்கினோம். அந்தரத்துல தொங்கவிட்டு முறுக்கினா உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும்.

ஓட்டிப் பார்த்தோம். ஆடுது.

ஸ்டெப் 3: ஸ்டியரிங் ஜாயின்ட். செலவே இல்லாத டெஸ்ட் இது. வண்டி தரையிலேயே நிக்கணும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு ஆட்டிக்கிட்டே இருக்கணும். இன்னொருத்தர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட் மேலேயும் கை வெச்சுப் பார்க்கணும். ஒரு ராடு அசைஞ்சு, அதோட சேர்ந்திருக்கிறது கொஞ்சம் லேட்டா அசைஞ்சா அங்க ஆட்டம் இருக்குனு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். இடது பக்க டை ராட் எண்ட் மாட்டுச்சு. மாத்தினோம். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோட சேர்ற போல்ட்டுகளையும் பார்த்தோம், நல்லா இருந்துச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. 'லூஸா இருக்கா? ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் திருகிடலாம்'னு ஒரு அதிமேதாவி எல்லா கேங்லயும் இருப்பான். எங்க கேங்ல அது நான்தான். அண்ணன் என் கையைத் தட்டி விட்டார். அதை அதிகமா டைட் பண்ணினா வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா திரும்பி வராது. ஆட்டத்தை விட ஆபத்து!

ஓட்டிப் பார்த்தோம். 50-ல ஆடலை. 60-ல ஆடுது. ஆஹா, முன்னேற்றம்!

ஸ்டெப் 4: கிங் பின். முன் சக்கரம் இடம் வலமா திரும்புற அச்சு இது. ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரோட தலையையும் காலையும் புடிச்சு ஆட்டினோம். லொடக் லொடக். வீல் பேரிங்கா, கிங் பின்னா? அண்ணன் ஒரு சூப்பர் ட்ரிக் சொன்னார். "ஒருத்தன் பிரேக்கை அமுக்கு. இப்ப ஆட்டு." பிரேக் அமுக்கினதும் ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். நிக்கலைனா கிங் பின். எங்களுக்கு நிக்கலை!

அடுத்து நடந்ததுதான் காமெடி. "பழைய பேப்பர் கடையில தொங்குமே ஸ்பிரிங் தராசு, ஒண்ணு வாங்கிட்டு வாங்க"ன்னார். சக்கரத்தையும் டை ராடையும் கழட்டி, ஆயில் சீலையும் விலக்கிட்டு, சக்கரத்தைத் தாங்குற நக்கிள்ல தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தா, எத்தனை கிலோவுல அசைய ஆரம்பிக்குதுனு தெரியும். மேனுவல்ல அதுக்கு ஒரு அளவு உண்டு. எங்களோடது கொக்கியை மாட்டினதுமே திரும்பிடுச்சு! பேரிங்கைக் கழட்டிப் பார்த்தா, ஓடுபாதையில வரிவரியா பள்ளம். ரெண்டு பக்கமும் புது பேரிங், புது கிரீஸ், அளவா ஷிம். தராசு இப்போ மேனுவல் சொன்ன எடையைக் காட்டுச்சு. ரெண்டு கிலோ பழைய நியூஸ் பேப்பர் நிறுக்கிற தராசு நாலு பேர் உசுரை நிறுத்துச்சுனா நம்புவீங்களா?

விடை டேஷ்போர்டுலயே இருந்துச்சு!

இப்போ 60-லயும் ஆட்டம் இல்லை. ஆனாலும் நேர் ரோட்டுல வண்டி அலையுறது நிக்கலை. திருப்பின ஸ்டியரிங்கும் சோம்பேறி மாதிரி மெதுவாத்தான் திரும்பி வருது. "லிஃப்ட் போட்ட பிறகு அலைன்மென்ட் பார்த்தீங்களா?"னு அண்ணன் கேட்டார். பார்த்தோமே! டேஷ்போர்டு பெட்டிக்குள்ள கசங்கிக் கிடந்த கம்ப்யூட்டர் சீட்டை எடுத்து நீட்டினோம். நாங்க எல்லாம் 'டோ' அளவை மட்டும் பார்த்துட்டு 'பச்சை கலர்ல இருக்கு, ஓகே'னு மடிச்சு வெச்ச சீட்டு அது. அதுக்கு மேல் வரியில சிவப்புல இருந்துச்சு: காஸ்டர், அரை டிகிரிகூட இல்லை!

காஸ்டர்னா என்ன? உங்க சைக்கிளைப் பாருங்க. ஹேண்டில்பாரோட தண்டு செங்குத்தா இருக்காது, மேல்முனை பின்பக்கமா சாய்ஞ்சிருக்கும். அந்தச் சாய்வுதான் கையை விட்டுட்டு ஓட்டினாலும் சக்கரத்தை நேரா இழுத்து வைக்க உதவி பண்ணுது. ஜீப்போட கிங் பின்னும் அதே மாதிரி மேல்முனை பின்னாடி சில டிகிரி சாய்ஞ்சிருக்கணும். அது போயிட்டா, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில ஒரு சக்கரம் மட்டும் படபடனு அடிச்சுக்குமே, அந்தக் கதிதான்.

எங்களுக்கு எப்படிப் போச்சு? இங்கதான் இருக்கு லிஃப்ட் ரகசியம். ஜிப்ஸியோட முன் ஸ்பிரிங் பட்டையை சேஸிஸோட இணைக்கிற ஷேக்கிள் முன்பக்கம் இருக்கு. பின் முனை அசையாம ஒரே இடத்துல நிக்கும். வண்டியைத் தூக்க, ஒரு பட்டையைக் கூடச் சேர்த்து, நீளமான ஷேக்கிளையும் மாட்டியிருந்தாங்க. 2 இன்ச் நீளமான ஷேக்கிள் மாட்டினா வண்டி ஏறுறது சுமார் 1 இன்ச்தான். ஆனா பட்டையோட முன் முனை மட்டும் கீழே இறங்குறதால மொத்தப் பட்டையும், அது மேல உட்கார்ந்திருக்கிற ஆக்ஸிலும் முன்னாடி கவிழ்ந்துடும். எங்க பட்டையை டேப் வெச்சு அளந்தோம். 90 சென்டி மீட்டர். முனை இறங்கினது 5 சென்டி மீட்டர். டேன் தீட்டா போட்டா 3 டிகிரிக்குக் கொஞ்சம் மேல! ப்ளஸ் டூ கணக்கு பாஸ். ஷேக்கிள் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

வைத்தியமும் எளிமைதான். ஆப்பு! பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல 3 டிகிரி சாய்வுல இரும்பு ஆப்பு. அலுமினியம் வேண்டாம், நசுங்கி நழுவிடும்னு அண்ணன் சொன்னார். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்ல 'இதை எவன் இன்னும் யூஸ் பண்றான்'னு கிண்டலடிச்ச ஷேப்பர் மெஷின்லதான் அதைச் செதுக்கினாங்க. எங்க வண்டியில ஆக்ஸில் பட்டைக்கு மேல உட்காருது. அதனால, ஆப்போட தடிச்ச பக்கம் முன்னாடி வரணும். மாத்தி வெச்சா வியாதி டபுள்! நடு போல்ட்டையும் நீளமா மாத்தினோம். மறுபடி அலைன்மென்ட். காஸ்டர் பச்சைக்கு வந்துடுச்சு.

ஓசியில எதுவும் கிடைக்காதுங்கிறதையும் சொல்லிடறேன். ஆக்ஸிலைப் பின்னாடி சாய்ச்சா, அதுல இருந்து வர்ற முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட முனை கீழே குனியும், ஜாயின்ட்டோட கோணம் கூடும். ஃபோர் வீல் போட்டு ஓட்டினா லேசா அதிர்வு வந்துச்சு. அளவுக்கு மேல தூக்கின வண்டியில ரெண்டையும் ஒரே ஆப்பால திருப்திப்படுத்த முடியாது. ஒரு இன்ச்சுக்கு ஆசைப்பட்டா அது எங்கெங்கயோ போய் பில்லு போடும்!

உங்க வண்டி ஜிப்ஸி இல்லையா?

லிஸ்ட் கொஞ்சம் மாறும். 2023-ல இந்தியாவுக்கு வந்த ஜிம்னி மாதிரி, முன்னாடி ஒரே ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் இருந்தா முதல் சந்தேகம் பான்ஹார்டு ராடு மேல. ஆக்ஸிலைப் பக்கவாட்டுல நகராமப் புடிக்கிற குறுக்கு ராடு அது. அதோட புஷ்ஷோ, போல்ட் ஓட்டையோ தேஞ்சா போதும், கச்சேரி ஆரம்பம். ஸ்டெப் 3 டெஸ்ட்லயே அது மாட்டிக்கும். வண்டியைத் தூக்கினா காஸ்டர் குறையுறது இதுலயும் உண்டு, அதுக்குத் தனியா புஷ் வருது. 2020-ல வந்த தார்ல முன் சக்கரங்கள் தனித்தனியா இயங்கும். அங்க பால் ஜாயின்ட், டை ராட், அலைன்மென்ட்னு தேடணும். எதுவா இருந்தாலும் ஆரம்பம் டயர்லதான்!

பாலத்துக்கு மறுபடியும்...

மூணு ஞாயித்துக்கிழமை போயிடுச்சு. நாலாவது ஞாயிறு, டேம்பரே மாட்டாம, அதே பொள்ளாச்சி ரோடு. ரூம்மேட் ஓட்ட, பக்கத்துல அண்ணன். நாங்க பின்னாடி பைக்ல. சைட் ரோட்டுல 40, 50, 60-னு ஏத்திப் பார்த்துட்டுத்தான் இங்க வந்தோம். இருந்தாலும் பாலம் கிட்ட வந்தப்போ எனக்கு வயித்துக்குள்ள கரைஞ்சது. 'டக்'. முன் சக்கரம் ஒரு தடவை சிலிர்த்துச்சு. நேரா போச்சு. அவ்வளவுதான்!

அப்புறம்தான் அண்ணன் அந்தப் புது டேம்பரை மாட்டினார். "இப்ப இது மாத்திரை இல்ல கண்ணு, சத்து டானிக்!"

மிச்சம் இருந்தது ஆனைமலை. ரூம்மேட் ஒரு வேலை செஞ்சான். என்ன ஆச்சு, எதை மாத்தினோம், இன்னும் என்ன குறை இருக்குனு ஒரு ஏ-ஃபோர் பேப்பர்ல எழுதி, கழட்டின பேரிங்கையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனான். 'விலையைக் குறைப்பார்டா'னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஜூனியரோட அப்பா பேப்பரை நிதானமா ரெண்டு தடவை படிச்சார். பேரிங்கை விரலால தடவிப் பார்த்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "ஏந்தம்பி, தோப்புக்குள்ள தேங்காய் எடுக்கறதுக்கு எனக்கு எதுக்குங்க இவ்வளவு உயரம்? எங்க வீட்ல அவங்க ஏறவே ஏணி வேணுமாட்டத் தெரியுது. பழையபடி இறக்கிக் கொடுங்க, சொன்ன விலைக்கே வாங்கிக்கறேன்"னார்.

அவர் சொன்னதுல சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகள்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுனு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. லிஃப்ட் போட்ட வண்டி ரோட்டுல விபத்துல மாட்டினா, இன்ஷூரன்ஸ்காரங்க கேட்கிற முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் உக்கடம் சந்துல ஷேக்கிள், கூடுதல் பட்டை, ஆப்பு எல்லாத்தையும் கழட்டிட்டு, மாமா காலத்து ஷேக்கிளையும் ஒல்லி டயரையும் திரும்ப மாட்டினோம். மறுபடி அலைன்மென்ட் பார்த்தோம். கிங் பின் பேரிங், டை ராட் எண்ட், டேம்பர் மட்டும் புதுசு. 1985-ல வந்து, முப்பது வருஷத்துக்கு மேல தயாரிப்புல இருந்த வண்டி. அதைச் செஞ்சவங்க போட்ட அளவுலயே நின்னப்போ, அதுவும் கெத்தாத்தான் தெரிஞ்சுது.

தங்கச்சிக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியாச்சு. ஜூனியர் லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் ரூமுக்கு ரெண்டு தேங்காய் கொண்டு வர்றான். அந்த நீள ஷேக்கிள் ரெண்டும் இப்போ எங்க ரூம் ஜன்னல்ல துண்டு காயப்போடுற கொக்கி. பார்க்கிறவங்க 'இது என்னடா?'னு கேட்டா, ரூம்மேட் அந்த அலைன்மென்ட் சீட்டை எடுத்துக் காட்டுறான்.

நீங்களும் பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? சீட் கவரைப் பார்க்கறதுக்கு முன்னாடி கீழே குனிங்க பாஸ். டேம்பர் மட்டும் பளபளனு புதுசா இருந்தா... அதைக் கழட்டிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க!